ஆற்றுக்குரிய நிலமும் ஆளுக்குரிய வீடும்

மாந்த நாகரிகம் ஆற்றங்கரையில் தோன்றி வளர்ந்தது என்பது தொடக்கப் பள்ளிப் பாடநூல் முதல் ஆராய்ச்சிப் பெருநூல் வரை எங்கும் காணப்படும் செய்தியாகும். நைலும் சிந்துவும் காவிரியும் வையையும் ஊர்களையும் நகர்களையும் ஈன்ற தாய்மார் எனப் போற்றப்படுகின்றன. ஆயினும், ஆற்றை அண்டி வாழ்ந்த மக்கள் அதற்கென எவ்வளவு நிலத்தை ஒதுக்கி வைத்தனர், எப்போது அந்நிலத்தைப் பறித்துக்கொண்டனர், பறித்ததை மீண்டும் எவ்வாறு திருப்பிக் கொடுத்தனர் என்னும் வரலாறு போதிய அளவு பேசப்படவில்லை. அவ்வரலாற்றை ஓரளவு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லில் நின்ற அறிவு

பெருக்குக் காலத்தில் ஆறு பரந்து கிடக்கும் நிலத்தைத் தமிழர் ‘படுகை’ என வழங்கினர். படுத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல் இது. காவிரிப் பகுதியில் நீரோட்டத்திற்கும் காப்புக் கரைக்கும் இடைப்பட்ட படுகையில் வாழையும் மூங்கிலும் நாணலும் வளரும். வெள்ளம் வந்தால் ஒரு போகம் அழியும், குடும்பம் அழியாது. குடியிருப்பு கரைக்கு அப்பால் மேட்டில் அமையும்.

‘புறம்போக்கு’ என்னும் சொல்லையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று வசைச்சொல்லாகத் தாழ்ந்துவிட்ட இச்சொல், நிலவரிக் கணக்கில் பெருமைக்குரிய பொருளை உடையதாக இருந்தது. தனியொருவருக்குப் பட்டாவாக வழங்கப்படாமல், வரி விதிப்பிற்குப் புறத்தே, ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட நிலமே புறம்போக்கு. மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, ஆற்றுப் புறம்போக்கு எனப் பல வகை உண்டு. ஆற்றுக்கும் ஏரிக்கும் தனி நிலம் உரியது என்னும் கருத்து தமிழ்நாட்டு நிருவாக மரபில் ஊறியிருந்தது என்பதற்கு இச்சொற்களே சான்று. அந்த அறிவு சொல்லில் நின்றது; செயலில் நிற்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கூடல்களின் நாடு

மலாய் மொழியில் ‘கோலா’ என்பது ஓர் ஆறு மற்றோர் ஆற்றோடு கூடும் இடத்தையும் கடலோடு கலக்கும் இடத்தையும் குறிக்கும். தமிழில் கூடல் என்றும் கழிமுகம் என்றும் கூறலாம். மலேசியாவில் இப்பெயரால் தொடங்கும் ஊர்கள் பல. சாலைகள் இல்லாத காலத்தில் ஆறே சாலையாக இருந்தமையால், ஆறுகள் கூடுமிடத்தில் சந்தையும் சுங்கச் சாவடியும் கோட்டையும் அமைந்தன. ஆகவே, அந்நாட்டின் பழைய ஊர்கள் பலவும் வெள்ளம் வரும் வழியிலேயே பிறந்தவை எனலாம்.

கெடா மாநிலத்தின் கோலா கெத்தில் இவ்வகையைச் சார்ந்தது. பாலிங் மலைகளில் தோன்றும் கெத்தில் ஆறு மூடா ஆற்றுடன் கலக்கும் இடத்தை அப்பெயர் சுட்டுகிறது. மூடா ஆறோ வடக்கே தாய்லாந்து எல்லையை அடுத்த மலைப்பகுதியில் பிறந்து, தெற்கு நோக்கி ஓடி, பின்னர் மேற்கே திரும்பி, கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாகிக் கடலில் கலக்கிறது. சோழர் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் பழம்பெரும் நாட்டின் வாணிகத் தலங்கள் மெர்போக், மூடா ஆறுகளை ஒட்டியே இருந்தன என்பதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து தங்கிய சுங்கை மாஸ் என்னும் இடம், ஆறு கொணர்ந்த வண்டலால் கடற்கரை மேற்கே நகர்ந்தமையால், இன்று உள்நாட்டு ஊராகிவிட்டது. ஆறு ஓரிடத்தில் நிற்பதன்று என்பதற்குக் கடாரமே சான்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியில் இரப்பர்த் தோட்டங்கள் தோன்றின. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் காட்டை அழித்துப் பால்மரம் நட்டனர். துரையின் பங்களா காற்றோட்டமான குன்றின்மேல் அமைவதும், தொழிலாளரின் லயன்கள் நீர் எளிதிற் கிடைக்கும் தாழ்நிலத்தில் அமைவதும் தோட்டங்களில் பரவலாகக் காணப்பட்ட அமைப்பாகும். எங்குக் குடியிருப்பது என்பதைத் தொழிலாளி தேர்ந்தெடுக்கவில்லை. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால்தான் வெள்ள நிலத்தைப் பற்றிய பிற்கால வரலாறு விளங்கும்.

இடம் மாறிய நகரம்

வெள்ள நிலத்தில் நின்ற ஒரு நகரத்தையே அரசு இடம் மாற்றிய நிகழ்ச்சி மலாயாவில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நடந்தது. அவ்வூர் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள கோலக்குபு ஆகும்.

கோலக்குபு ஈயத்தால் வளர்ந்த ஊர். சுரங்கத் தொழிலுக்கு நீர் தேக்குவதற்காக ஊருக்கு மேலே பழங்காலத்தில் ஓர் அணை கட்டப்பட்டிருந்தது. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அவ்வணை உடைந்தது. ஊரை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. அம்மாவட்டத்தின் ஆங்கில அதிகாரியாகிய சிசில் ரேங்கிங் என்பவரும் மாண்டார். அணையைக் காத்து வந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதனாலேயே இந்த அழிவு நேர்ந்தது என்னும் கதை மக்களிடையே இன்றும் வழங்குகிறது. அணை இருந்த இடம் ‘அம்பாங் பெச்சா’, அதாவது உடைந்த அணை, என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மக்கள் ஊரைக் கைவிடவில்லை. அதே இடத்தில் மீண்டும் கட்டினர். இருப்புப்பாதை வந்தது. பகாங் மாநிலத்தின் ரவுப் நகருக்குச் செல்லும் மலைப்பாதையும் இவ்வூரிலிருந்தே புறப்பட்டமையால் வாணிகம் பெருகிற்று. ஆனால் செழிப்பைத் தந்த ஈயமே அழிவையும் உடன் கொணர்ந்தது. சுரங்கங்களில் மண்ணைக் கரைத்து ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சிய மணலும் சேறும் ஆற்றிலேயே விடப்பட்டன. ஆண்டுதோறும் ஆற்றின் அடித்தளம் உயர்ந்தது. அடித்தளம் உயர உயர, சிறு மழைக்கும் ஆறு ஊருக்குள் புகுந்தது. முன்பு இயற்கையாக வந்த வெள்ளம், இப்போது மாந்தர் செய்கையால் வந்தது என்பதே உண்மை.

கரையை உயர்த்தினால் ஆறும் உயர்ந்தது. இறுதியில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. ஆற்றை ஊரைவிட்டு அகற்ற இயலாதெனின், ஊரை ஆற்றைவிட்டு அகற்றுவதே தக்கது என்பதே அம்முடிவு. 1926-ஆம் ஆண்டு இறுதியில் தீபகற்பத்தின் பல மாநிலங்களைப் பாழாக்கிய பெருவெள்ளம் அம்முடிவின் தேவையை ஐயத்திற்கு இடமின்றி உறுதிப்படுத்திற்று.

புதிய நகரைத் திட்டமிட்டவர் சார்லஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் தோட்ட நகர இயக்கத்தில் ஈடுபட்டு, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பணியாற்றிய இவர், 1921-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் நகரமைப்பு அதிகாரியாக வந்தார். கடைத்தெரு ஓரிடத்தில், அரசு அலுவலகங்கள் ஓரிடத்தில், குடியிருப்பு வேறோரிடத்தில், இடையிடையே பசும்புல் வெளி என அவர் வகுத்த நகரமே கோலக்குபு பாரு. பாரு என்றால் புதிது. 1930-களின் தொடக்கத்தில் மேட்டு நிலத்தில் புதுநகர் எழுந்தது. பழைய ஊரின் தெருக்கள் மணலுக்கடியில் மறைந்தன.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, ஊர் முழுவதும் ஒருசேர நகர்ந்தது. சிலர் போகச் சிலர் தங்கும் நிலை நீடிக்கவில்லை. இரண்டாவது, மக்கள் வெளியேறும் முன்னரே அவர்கள் போய்ச் சேரவேண்டிய ஊர் எது என்பது வரையப்பட்டிருந்தது. இவ்விரண்டும் பிற்காலத்தில் பல நாடுகள் இடர்ப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடங்களாகும்.

விலை கொடுத்து வாங்கும் முறை

வெள்ளத்தைக் கரையால் மட்டும் தடுத்துவிடலாம் என்னும் நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகெங்கும் ஓங்கியிருந்தது. கரை எழுந்ததும், இனி அச்சமில்லை என்று மக்கள் படுகையில் வீடு கட்டுவர். கரை உடையும் நாளில் இழப்பு முன்னிலும் பன்மடங்காகும். இதனை ஆராய்ந்து, ஆற்றை மாற்றுவதோடு மக்களின் குடியிருப்பு முறையையும் மாற்றவேண்டும் என்று 1945-இல் வெளிவந்த ஆய்வில் வற்புறுத்தியவர் அமெரிக்கப் புவியியலறிஞர் கில்பர்ட் ஒயிட்.

1954-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாளிரவு, ஹேசல் என்னும் சூறாவளி கனடாவின் டொராண்டோ நகரைத் தாக்கிற்று. ஒண்டாரியோ மாநிலத்தில் 81 பேர் மாண்டனர். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்னும் ஒரே தெருவில் மட்டும் உறங்கிக்கொண்டிருந்த 35 பேர் உயிரிழந்தனர். அழிந்த வீடுகளை அதே இடத்தில் மீண்டும் கட்ட அரசு இசையவில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இருந்த நிலங்களை வாங்கிற்று. 1957-இல் அமைந்த பாதுகாப்பு ஆணையம் அப்பணியைத் தொடர்ந்து செய்தது. அன்று வீடுகள் நின்ற தெரு இன்று ரேமோர் பூங்கா. டொராண்டோ நகரின் ஊடே நீண்டு கிடக்கும் பசும் பள்ளத்தாக்குகள் பலவும் அந்த இரவின் பயனாகக் காக்கப்பட்டவையே.

1972-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் அமெரிக்காவின் ரேப்பிட் சிட்டியில் பாய்ந்த வெள்ளம் 238 உயிர்களைக் கொண்டது. 1,300-க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அந்நகர மன்றம், வெள்ளம் பாயும் பாதையில் இனி எவரும் இரவில் உறங்கலாகாது என்னும் கொள்கையை ஏற்றது. நடுவண் அரசின் பொருளுதவியால் ஓடைக் கரையின் நிலங்கள் வாங்கப்பட்டன. பகலில் மக்கள் நடக்கவும் விளையாடவும், வெள்ளத்தின்போது நீர் பரவவும் ஏற்ற பூங்கா நகரின் நடுவே உருவாயிற்று.

1993-ஆம் ஆண்டு மிசிசிப்பிப் பெருவெள்ளத்தின் பின்னர் அமெரிக்க நாடாளுமன்றம் இம்முறையைச் சட்டத்தால் வலுப்படுத்திற்று. வீட்டுக்காரர் விரும்பி முன்வந்தால், வெள்ளத்திற்கு முந்திய சந்தை விலையில் வீட்டை வாங்கலாம். செலவில் 75 விழுக்காடு வரை நடுவண் அரசு ஏற்கும். வாங்கிய நிலம் என்றென்றும் திறந்தவெளியாகவே இருக்கவேண்டும். பொதுக் கழிப்பறை, நாற்புறமும் திறந்த கொட்டகை போன்றவை தவிர வேறெந்தக் கட்டடமும் அங்கு எழலாகாது. இக்கட்டுப்பாடு நிலப்பத்திரத்திலேயே எழுதப்படும். இல்லினாய் மாநிலத்தின் வால்மேயர் என்னும் சிற்றூர், ஏறத்தாழ 900 பேர் வாழ்ந்த ஊர், இவ்வுதவியால் ஆற்றுப் படுகையை விட்டு ஏறத்தாழ 400 அடி உயர மேட்டிற்கு நகர்ந்தது.

இம்முறையில் குறைகளும் உண்டு. விற்பது அவரவர் விருப்பமாதலால், ஒரு தெருவில் நான்கு வீடுகள் போக மூன்று வீடுகள் எஞ்சும். பல் விழுந்த வாய்போல் ஊர் தோன்றும். பணம் வந்து சேர ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் அடுத்த வெள்ளம் வந்துவிடுவதும் உண்டு.

நிலமற்றவர் என்ன விற்பார்?

இம்முறையைத் தமிழர் வாழும் இடங்களோடு பொருத்திப் பார்க்கும்போது ஓர் அடிப்படை வினா எழுகிறது. வீட்டை விலைக்கு வாங்குவதெனின் விலை யாருக்குச் செல்லும்? பட்டா உடையவருக்கே செல்லும். அவ்வீட்டில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் பட்டா இல்லாதவர்க்கு என்ன கிடைக்கும்?

மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, போதிய இழப்பீடின்றி எவருடைய சொத்தையும் கட்டாயமாகக் கையகப்படுத்தலாகாது என்கிறது. 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் பொதுநோக்கத்திற்காக நிலத்தை எடுக்கவும் சந்தை மதிப்பில் இழப்பீடு வழங்கவும் வழிசெய்கிறது. இவை நல்ல காப்புகளே. ஆயின் தோட்டத் தொழிலாளியின் லயத்து வீடு அவனுடையதன்று, தோட்ட நிருவாகத்தினுடையது. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் குடியிருப்பின் தரத்தை வரையறுத்தன; நிலவுரிமையை வழங்கவில்லை. அந்நிலத்தை வெள்ளக் காப்பிற்காக அரசு வாங்குமாயின், இழப்பீடு தோட்ட உரிமையாளரின் கணக்கில் சேரும். மூன்று தலைமுறை அங்கு வாழ்ந்தவன் தட்டுமுட்டுப் பொருள்களோடு வெளியேறுவான்.

இக்கொடுமை புதியதன்று. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் வெள்ளையர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றனர். வேலையும் வீடும் ஒருசேர இழந்த தமிழர் பல்லாயிரவர். அவ்வேளையில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி எனத் தொழிலாளர் சேமித்த பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கம் தொடக்கக் காலத்தில் வாங்கிய தோட்டங்களுள் ஒன்று. நிலத்தைத் தனித்தனியே வாங்க இயலாதவர் ஒன்றுகூடி வாங்கலாம் என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது.

சென்னை மாநகரின் அண்மை வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஆற்றுப் புறம்போக்கு என்னும் சொல்லைப் படைத்த மண்ணிலேயே அடையாற்றின் கரைகள் நெருங்கக் கட்டப்பட்டன. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திற்குப்பின், கரையோரக் குடிசைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் தெற்கே பெரும்பாக்கம் முதலிய இடங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. ஆற்றுக்கு இடம் கிடைத்தது. ஆனால் நாட்கூலி வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் தொலைவாயின. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்பகுதி. மழைக்காலத்தில் அங்கும் நீர் சூழ்கிறது. அதே அடையாற்றின் கரையில் பட்டாவோடும் பணத்தோடும் எழுந்த பெருங்கட்டடங்கள் பல அசையாமல் நிற்கின்றன. ஏழையின் நிலம் மட்டும் ஆற்றுக்குத் திரும்புவது முழு நீதியாகாது.

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு ஒரு தீர்வு உண்டு. பொதுத் திட்டங்களால் இடம்பெயர நேரும் வாடகைக் குடியினருக்கும் மாற்று வீடு பெற உதவித்தொகை வழங்கவேண்டும் என 1970-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. வீட்டை விற்றவருக்கு விலையும், வீட்டில் வாழ்ந்தவருக்கு உதவியும் தனித்தனியே உரியவை என்னும் கொள்கை அதில் அடங்கியுள்ளது.

மூடாவும் கெத்திலும் கூறுவன

2003-ஆம் ஆண்டு அக்டோபரில் மூடா ஆறு பெருகித் தென் கெடாவையும் வட செபராங் பிறையையும் சூழ்ந்தது. பல்லாயிரவர் பாதிக்கப்பட்டனர். அதன்பின் ஆற்றை அகலப்படுத்திக் கரைகளை வலுப்படுத்தும் பெருந்திட்டம் செயற்படுத்தப்பட்டது. அதற்காகக் கரையோர நிலங்கள் எடுக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், கெத்தில் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கூப்பாங்கில் வேறுவகை வெள்ளம் வந்தது. குனோங் இனாஸ் மலையிலிருந்து நீரும் சேறும் மரத்துண்டுகளும் ஒருசேரப் பாய்ந்து ஊர்களை மூடின. மூவர் மாண்டனர், வீடுகள் பல தரைமட்டமாயின.

கரைகள் தேவையற்றவை என்று கூறுவதற்கில்லை. நெதர்லாந்து நாட்டினர் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கரை கட்டியே வாழ்ந்தவர். ஆயினும் 1995-இல் வெள்ள அச்சத்தால் ஏறத்தாழ 2,50,000 பேரை வெளியேற்ற நேர்ந்தபின், அவர்களே ‘ஆற்றுக்கு இடம்’ என்னும் திட்டத்தை வகுத்து, முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றின் படுகையை விரித்தனர். ஓவர்டீப் என்னும் தாழ்நிலத்தின் உழவர்கள் சிலர் நிலத்தை விட்டனர். மற்றவர்க்கு உயர்ந்த மண்மேடுகள் அமைத்துப் பண்ணைகள் கட்ட வழிசெய்யப்பட்டது. திட்டத்தை வகுத்தபோதே அவ்வுழவர்களும் உடனமர்ந்து பேசினர் என்பது சிறப்பு.

இவ்வரலாறுகள் அனைத்தையும் தொகுத்து நோக்கின், வெள்ள நிலத்தை ஆற்றுக்குத் திருப்பும் பணி அறமாவதற்கு மூன்று நெறிகள் வேண்டும் என்பது புலப்படும். ஒன்று, வாங்கிய நிலம் மீண்டும் கட்டடமாகாமல் திறந்தவெளியாகவே நிலைத்தல். அரசு வாங்கிய வெள்ள நிலத்தில் சில ஆண்டுகளில் கடைவரிசை எழுமாயின், வெளியேறியவர் ஏமாற்றப்பட்டவராவர். இரண்டு, கோலக்குபுவிற் போல, வெளியேறும் முன்னரே புகும் ஊர் ஆயத்தமாதல். மூன்று, பட்டா உடையவரைப் போலவே பட்டா இல்லாமல் வாழ்ந்தவரும் தமக்கென ஒரு வீட்டுரிமை பெறுதல். முதலிரண்டு நெறிகளை உலகம் ஓரளவு ஏற்றுவிட்டது. மூன்றாவது நெறியே தோட்டத் தமிழர்க்கு உயிரானது.

தமிழாசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யத்தக்க பணி உண்டு. தோட்டங்கள் மறைந்து வருகின்றன. லயன்கள் இருந்த இடமும், வெள்ளம் ஏறிய அளவும், எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறை அங்கு வாழ்ந்தது என்பதும் முதியோர் நினைவில் மட்டுமே உள்ளன. பட்டா இல்லாதவனுக்கு அவன் வாழ்ந்த வரலாறே சான்று. அவ்வரலாற்றை நாள், இடம், அளவு ஆகியவற்றோடு மாணவர்கள் எழுதி வைப்பாராயின், நிலம் எடுக்கப்படும் நாளில் அது வெறும் பள்ளிப் பயிற்சியாக நில்லாது. வழக்கு மன்றத்திலும் மாவட்ட அலுவலகத்திலும் ஒரு குடும்பத்திற்காகப் பேசும் ஆவணமாகும்.

படுகை ஆற்றுக்கு உரியது. மேட்டில் ஒரு வீடு மாந்தர்க்கு உரியது. முதலாவது உரிமையை நிலைநாட்டும் அரசு, இரண்டாவது உரிமையையும் அதே ஆணையில் எழுதித் தருதல் வேண்டும்.